இருட்டறையில் பிடித்த கை

எக்ஸ்ரே அறைக்குள் ஈதர் புட்டியைக் கொண்டுபோகக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே இது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. கதவில் எழுதி ஒட்டியிருந்தது, படித்தேன். படித்ததோடு விட்டிருக்கலாம். ஏன் கூடாது என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். ஒருவர் “ரூல்” என்றார். இன்னொருவர் “உனக்கெதுக்கு?” என்றார். கடைசியில் நானே நூலகத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஈதரின் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போகும். எக்ஸ்ரே இயந்திரத்தில் ஒரு பொறி பறந்தால் போதும், நோயாளி, டாக்டர், இயந்திரம் எல்லாம் ஒன்றாகக் கூரைக்குப் போகவேண்டியதுதான்.

அந்த அறை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது. ஆஸ்பத்திரியின் மற்ற இடங்களில் பெரிய டாக்டரும் மேட்ரனும் சட்டம் போடுவார்கள். இங்கே இயந்திரம் சட்டம் போட்டது. அது இருட்டு கேட்டால் எல்லாரும் இருட்டில் நிற்கவேண்டும். உலோகம் வேண்டாம் என்றால் தாலிக்கொடியைக்கூடக் கழற்றி வைக்கவேண்டும். பெரிய டாக்டரும் அதன் முன்னால் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது மலாயா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மலாக்கா திடலில் கட்டிய தோரணக் கம்புகள் சில இன்னும் பிடுங்கப்படாமல் நின்றன. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணி, காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பயிற்சி மிஸ்ஸி, அதாவது நர்ஸ். காலியாகிற நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம், அதில் உட்கார எத்தனை நாள் படித்தால் போதும் என்று மனசு கணக்குப் போடும். அம்மாவுக்கு நான் டீச்சராகவேண்டும் என்று ஆசை. எனக்கோ ஒரே பாடத்தை வருஷா வருஷம் சொல்வதை நினைத்தாலே கொட்டாவி வரும்.

எனக்குக் கிடைத்த வேலை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குத் துணை. என் அண்ணன் அதை வீட்டில் எல்லாருக்கும் இப்படி விளக்கினான்.

“இருட்டுல உக்காந்து அடுத்தவன் கையைப் பிடிச்சிக்கிட்டே இருக்கணுமாம். அதுக்கு ஆஸ்பத்திரியில சம்பளம் வேற கொடுக்கிறாங்க லா!”

“நீ ஒரு நாள் படுத்துப் பாரு. உன் நாடி எங்க இருக்குன்னு தேடவே ஒரு ஆள் வேணும்” என்றேன்.

கிண்டலாக இருந்தாலும் அவன் சொன்னது உண்மை. வெளிச்சத்தில் மயக்க மருந்து கொடுக்கும்போது பார்க்க ஆயிரம் இருக்கும். உதட்டு நிறம், நெஞ்சு ஏறி இறங்குவது, கண்மணி, நெற்றி வியர்வை. இருட்டில் அத்தனையும் போய்விடும். மிஞ்சுவது காதும் விரலும்தான். டாக்டர் கையில் ரப்பர் பை இருக்கும். நோயாளி மூச்சு விட்டால் அது உப்பும், இழுத்தால் சுருங்கும். என் விரல் மணிக்கட்டில் இருக்கும். நான் அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லவேண்டும்: “நாடி சீர், டாக்டர்.” சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும்: “தூங்கறது நோயாளியா, நீயா?”

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சென்னையிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து சில மாதங்களே ஆன லேடி டாக்டர். முப்பது வயசுகூட இருக்காது. ஒல்லி. நடப்பதே ஓட்டம் மாதிரி இருக்கும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. ஊர்ப்பக்கம் போனால் தமிழ்ப் பலகையைக் கண்டு நின்றுவிடுவார். “கடல் தாண்டி வந்தும் கடைக்காரன் தமிழ்ல பேரம் பேசறான் பாரு” என்று அதிசயப்படுவார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான்: இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது. அதனால் தினமும் சண்டை போட்டோம், நன்றாக வேலை செய்தோம்.

அவர் வந்த முதல் நாளே அந்த அறைக்கு ஒரு வழக்கம் கொண்டுவந்தார். விளக்கை அணைத்தால் யாரும் யாருக்கும் பெரியவர் கிடையாது. எக்ஸ்ரே டாக்டரோ கூட்டுகிற ஆளோ, யாருக்கு மனசில் எது உறுத்தினாலும் “நில்” என்று சொல்லலாம். சொன்னால் எல்லாரும் கையிலிருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். அப்புறம்தான் காரணம் கேட்கவேண்டும். இதை எக்ஸ்ரே டாக்டரிடமும் சொன்னார். அவர் இன்னும் கப்பலேறாமல் இருந்த வயதான வெள்ளைக்காரர், நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். இருட்டில் திரை தெரியவேண்டுமென்றால் கண்ணை முன்பே பழக்கவேண்டும் என்பதால், காலையிலிருந்தே சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வராந்தாவில் திரிவார். அதோடேயே தேநீரும் குடிப்பார். “என்னையுமா நிறுத்துவீர்கள்?” என்று சிரித்தார். “முதல்ல உங்களைத்தான்” என்றார் டாக்டர்.

இனி அந்தச் சிறுமி.

எங்கள் வீட்டுக்குப் பின் சந்தில் செட்டி கம்போங், அதாவது செட்டிகளின் குடியிருப்பு, தொடங்குகிறது. மலாக்கா செட்டிகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பல தலைமுறைக்கு முன் வந்த வணிகர்களின் வழிவந்தவர்கள். இங்கேயே பெண் எடுத்து இங்கேயே வேரூன்றியவர்கள். கோவில் உண்டு, திருநீறு உண்டு, பொங்கல் உண்டு. வீட்டுக்குள் பேசுவது மலாய். சாமிக்குத் தமிழ்ப் பெயர், சண்டைக்கு மலாய் என்று அண்ணன் சொல்வான். அந்தச் சந்தில் மூன்றாவது வீட்டில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. பொட்டு வைத்து, காலில் வெள்ளிக் கொலுசு போட்டு, வாசலில் அம்மாவோடு சொங்காக் ஆடிக்கொண்டிருப்பாள். நம் பல்லாங்குழிதான் அது, படகு மாதிரி பலகையில் புளியங்கொட்டை போட்டு ஆடுவார்கள். என்னைப் பார்த்தால் “அக்கா!” என்று கத்துவாள். அதற்கு மேல் எல்லாம் மலாய்தான்.

அவளுடைய இருமல்தான் எனக்கு அலாரம். விடியும்போது அது தொடங்கும். நான் எழுந்து சைக்கிளுக்குக் காற்றடிப்பேன். மாதக்கணக்கில் இப்படியே போனது. முதலில் சளி என்றார்கள். பிறகு காய்ச்சல் வந்து வந்து போனது. காசநோயோ என்று பார்த்தார்கள், அது இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி மங்கலாகத் தெரிந்தது. ஏன் மங்கல் என்று தெரியவில்லை. அந்தப் பகுதி கெட்டுப்போயிருந்தால் வெட்டி எடுக்கவேண்டும், அதற்கு வேறு ஊருக்கு அனுப்பவேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளுடைய அப்பா நகரத்தில் ஒரு கம்பெனியில் கிராணி, குமாஸ்தா வேலை. வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். ஒரு சாயங்காலம் என் சைக்கிளை நிறுத்தினார். மலாயில்தான் பேசினார்.

“அடுத்த வாரம் மருந்து ஊற்றிப் படம் எடுக்கப் போறாங்களாம். அந்தப் படம் தெளிவா விழுந்தா வெட்டணுமா வேண்டாமான்னு தெரிஞ்சிடுமாம். நீ உள்ளே இருப்பியா?”

“நாடியே என் கையிலதான் இருக்கும்” என்றேன்.

“அப்போ சரி” என்றார். அவ்வளவுதான். ஆனால் போகும்போது என் சைக்கிள் மணியைத் தொட்டுவிட்டுப் போனார், சாமி சிலையைத் தொடுவது மாதிரி.

அந்தப் படம் எப்படி எடுப்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மூக்கு வழியாக மெல்லிய ரப்பர்க் குழாயை மூச்சுக்குழலுக்குள் விடுவார்கள். அதன் வழியே, எக்ஸ்ரேக்குத் தெரியக்கூடிய ஒரு எண்ணெயை வெதுவெதுப்பாக்கி ஊற்றுவார்கள். எண்ணெய் கிளை கிளையாக ஓடி நுரையீரலின் உள்வடிவத்தைக் காட்டும். பெரியவர்களுக்குத் தொண்டையை மரத்துப்போக வைத்தே செய்யலாம். குழந்தை சம்மதிக்குமா? தூங்கவைத்தாக வேண்டும். தூக்கம் போதாமல், எண்ணெய் இறங்கும்போது குழந்தை இருமினால் எண்ணெய் நுரையீரல் முழுக்கச் சிதறிவிடும். படம் பாழ். மூச்சும் அடைக்கலாம். சிதறிய எண்ணெய் வெளியேற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மறுபடி உடனே எடுக்கவும் முடியாது. தூக்கம் அதிகமாகிவிட்டாலோ மூச்சே நின்றுபோகும். போதாத தூக்கத்துக்கும் மிஞ்சிய தூக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் திட்டு. அதில்தான் நாங்கள் நிற்கவேண்டும். ஈதர் கிடையாது. தீப்பிடிக்காத ஒரு நீல மருந்துதான் இருந்தது. அது மெதுவாக வேலை செய்யும், மெதுவாகத் தெளியும்.

அன்று காலை அவளை வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்போதே கண் செருகியிருந்தது. அங்கேயே தூக்கத்துக்கு ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். அப்பா கதவருகே நின்று கொலுசு, வெள்ளி அரைஞாண், கழுத்துத் தாயத்து எல்லாவற்றையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். “அப்பா” என்று ஒரு தடவை முனகினாள். கதவு மூடியது.

டாக்டர் முகமூடியைப் பொருத்திக்கொண்டே சொன்னார். “நேத்து வார்டுல போய்ப் பேசினேன். என்ன வெக்கம்ங்கற! வாயே திறக்கல. அவங்க அப்பா இங்கிலீஷ்ல வெளுத்துக் கட்டறார், இது ‘அப்பா, அப்பா’ன்னுதான் சொல்லிச்சு. ஆனா சமத்து. நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிச்சு.”

நான் பிராணவாயு உருளையின் திருகைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “உம்” என்றேன்.

மருந்து ஏறியது. நன்றாகத் தூங்கினாள். டாக்டர் தொண்டைக்குள் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, குழாயைப் பதமாக உள்ளே விட்டு, கன்னத்தில் ஒட்டினார். அந்தக் கை வேலையை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. முகமூடியில் கசியும் ஆவி கண்ணில் படாமலிருக்க, நனைத்த துணியைக் கண்மேல் வைத்துக் கட்டினோம். நான் இடது பக்கம் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். துரை வலது பக்கம், ஊசிக்குழலில் எண்ணெயோடு. மூலையில் இயந்திரத்தை இயக்கும் சீன இளைஞர்.

“விளக்கு” என்றார் துரை. அணைந்தது.

அந்த இருட்டைச் சொல்லவேண்டும். வெளியே மலாக்கா வெயில் கொளுத்துகிற நேரம். உள்ளே உங்கள் கையை உங்கள் மூக்கின் முன்னால் வைத்தாலும் தெரியாது. மருந்தின் இனிப்பு வாசனை, டாக்டரின் கிராம்பு, எல்லாருடைய வியர்வை. பை உப்புகிற மெல்லிய சத்தம். இயந்திரம் உறுமவேண்டும்.

உறுமவில்லை.

“என்ன?” என்றார் துரை. சீன இளைஞர் எதையோ தட்டினார், திருகினார். ஃபியூஸ் போய்விட்டதாம். மாற்றவேண்டும். விளக்கைப் போட்டால் துரையின் கண் கெட்டுவிடும், மறுபடி பழக நேரமாகும். எனவே அந்த இளைஞர் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, முதுகால் மறைத்துக்கொண்டு வேலை செய்தார். டாக்டர் நீல மருந்தைக் குறைத்தார். காத்திருக்கும்போது சும்மா கொடுத்துக்கொண்டே போகக்கூடாதே.

“நாடி சீர், டாக்டர்.”

“உம்.”

துரை இருட்டில் மெல்லப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். இளைஞர் சீனத்தில் ஃபியூஸைத் திட்டினார். ஒருவழியாக இயந்திரம் உறுமியது. டாக்டர் மருந்தை மறுபடி திறந்தார். கொஞ்சம் விட்டு, குனிந்தார். குரல் தேனாக மாறியது. சண்டை போடுகிற அந்தக் குரலுக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது குழந்தைகள் வரும்போதுதான் தெரியும்.

“கண்ணு, என் கையை அமுக்கு பார்க்கலாம்.”

ஒன்றுமில்லை.

“கண்ணு. என் கையை அமுக்கும்மா.”

ஒன்றுமில்லை.

“நாடி?”

“கொஞ்சம் வேகமா இருக்கு, டாக்டர்.”

“இயந்திரம் போட்ட சத்தமா இருக்கும்... பை நல்லா ஓடுது. அமுக்கவே இல்ல. தூங்கிட்டா.” ஆங்கிலத்துக்கு மாறினார். “டாக்டர், நீங்கள் ஊற்றலாம்.”

என் விரலுக்குக் கீழே நாடி தட்டிக்கொண்டிருந்தது. தூங்குகிற குழந்தையின் நாடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது நடக்கும். இது ஓடிக்கொண்டிருந்தது. கூடவே அந்தச் சின்ன மணிக்கட்டில் ஓர் இறுக்கம், யாருக்காகவோ காத்திருப்பதைப் போல. நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிச்சு என்று டாக்டர் சொன்னது காதில் திரும்பக் கேட்டது. புரியாத பெரியவர்கள் பேசினால் அவள் அப்படித்தான் தலையாட்டுவாள். கோவிலில் ஐயர் பேசும்போதும் அப்படித்தான் ஆட்டுவாள்.

“நில்!” என்றேன்.

எல்லாம் நின்றது. துரையின் மூச்சுகூட நின்ற மாதிரி இருந்தது.

“என்ன?”

“டாக்டர், அவளுக்குத் தமிழ் தெரியாது.”



“என்னடி உளர்றே? அப்பாங்கறா, அக்காங்கறா!”

“அது ரெண்டும்தான் தெரியும். மத்ததெல்லாம் மலாய்.”

“நெத்தியில பொட்டு வெச்சிருக்காளே!”

“பொட்டு வெச்சிருக்கா டாக்டர். தமிழ் இல்ல.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து, அவள் காது இருக்கும் பக்கம், சந்தில் பேசுகிற மாதிரியே சொன்னேன்.

“அடெ, அக்கா. பெகாங் தாங்ஙான் அக்கா. குவாட்-குவாட்.” தங்கச்சி, அக்கா கையைப் பிடி, இறுக்கிப் பிடி.

ஐந்து விரலும் என் கையில் மூடின.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு கதவைத் தட்டிக்கொண்டேயிருந்து, உள்ளே ஆளில்லை என்று எல்லாரும் திரும்பும்போது உள்ளேயிருந்து பதில் தட்டு வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

“பிடிக்கிறா, டாக்டர். நல்லாப் பிடிக்கிறா.”

டாக்டர் ஒரு விநாடிகூட வீணாக்கவில்லை. நீல மருந்தின் திருகு திரும்பும் சத்தம் கேட்டது. “விட்டுடாதே. பேசிக்கிட்டே இரு. அவ பிடி தளர்றது உன் கையிலதான் தெரியும். தளர்ந்ததும் சொல்லு. அதுவரைக்கும் யாரும் அசையாதீங்க.”

“பெண்களே, எண்ணெய் ஆறிக்கொண்டிருக்கிறது” என்றார் துரை.

“கக்கத்துல வெச்சுக்கோங்க” என்றார் டாக்டர் தமிழிலேயே. பிறகு அதை ஆங்கிலத்திலும் சொன்னார். அவர் வைத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், துணி உரசும் சத்தம் கேட்டது.

நான் பேசினேன். ஆமாம் என்றால் அமுக்கு என்றேன். உன் வீட்டுப் பூனை குட்டி போட்டதா? அமுக்கினாள். பூனை என் சைக்கிள் கூடையில் தூங்கினதா? அமுக்கினாள். சொங்காக்கில் நீதானே தினம் ஜெயிக்கிறாய்? பலமாக அமுக்கினாள். அம்மா பார்க்காதபோது கொட்டை திருடுவாயா? கொஞ்சம் யோசித்து, அமுக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருடினதை எங்கே ஒளிப்பாய், வாய்க்குள்ளேயா?

லேசாக ஓர் அசைவு. அது பதிலா, விரல்கள் தாமாகத் துவண்டதா, அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் சத்தியம் செய்யமாட்டேன். அதற்குப் பிறகு கை திறந்துகொண்டது.

“அடெ, பெகாங் தாங்ஙான்.” இல்லை. மறுபடி சொன்னேன். இல்லை.

“விட்டுட்டா டாக்டர். நாடி நடக்குது. சீரா நடக்குது.”

“மூச்சு?” என்று தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி சொன்னார். பை உப்பியது, சுருங்கியது, உப்பியது. “இருக்கு. நல்லா இருக்கு. இப்ப ஊத்துங்க.”

துரை ஊற்றினார்.

திரை பச்சையாக ஒளிர்ந்தது. விலா எலும்புகள், துடிக்கும் இதயம், நடுவில் நூல் மாதிரி குழாய். அதன் நுனியிலிருந்து எண்ணெய் இறங்கியது. கிளேபாங் கரையில் கடல் உள்வாங்கினால் சதுப்பு மரத்தின் வேர்கள் சேற்றில் பிரிந்து பிரிந்து தெரியுமே, அப்படிப் பிரிந்து போனது. அவள் இருமவில்லை. என் விரலுக்குக் கீழே நாடி நடந்துகொண்டேயிருந்தது. ஒரு வேர் கடைசிவரை போனது. இன்னொன்றும் போனது. மூன்றாவது, கீழே திரும்பும் இடத்தில், பட்டென்று நின்றுவிட்டது. நின்ற இடம் தட்டையாக இல்லை. உள்வாங்கிய பிறை மாதிரி, ஏதோ ஒன்றின் தலையில் எண்ணெய் தொப்பி போட்ட மாதிரி இருந்தது.

“ஆஹா” என்றார் துரை, மிக மெதுவாக. “அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.”

படங்கள் எடுத்தார்கள். எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். விளக்கு வந்தது. எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டோம். டாக்டரும் நானும் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். உதடு உதட்டின் நிறத்திலேயே இருந்தது. அதைவிட நல்ல நிறம் எனக்கு இதுவரை தெரியாது.

டாக்டரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. என்னைப் பார்த்து முதல் வார்த்தையே சண்டைதான்.

“இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“இங்க எல்லாருக்கும் தெரியும் டாக்டர்!”

“எனக்குத் தெரியுமா? நான் என்ன, காஜா பேராங்லயா பொறந்தேன்?”

“நீங்க பேசினதை நான் பார்க்கலையே. பார்த்திருந்தா அப்பவே சிரிச்சிருப்பேன்.”

“சிரிப்பியா?” என்று என் தலையில் தட்டக் கையை ஓங்கியவர், கையுறை அழுக்கு என்று நிறுத்திக்கொண்டார். அப்புறம் எண்ணெய்க் குழலைக் கக்கத்திலிருந்து எடுத்தபோது துரையின் சட்டையில் விழுந்த கறையைக் காட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். சீன இளைஞர் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்.

வெளியே அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் மலாய்ப் பெண்கள் மாதிரி கெபாயாவும் சாரோங்கும் உடுத்திய பெண் ஒருத்தி, கைக்குட்டை முடிச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். “குழந்தையோட அம்மா வரலையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று நான் கூரையைப் பார்த்தேன். டாக்டர் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “மிஸ்ஸி, சொல்லு. படம் நல்லா விழுந்திருக்கு. உள்ளே என்னமோ அடைச்சிருக்கு. அதை எடுத்துட்டா வெட்டவேண்டி இருக்காதுன்னு நினைக்கிறோம்” என்றார். சொன்னேன். நானாகவே புளியங்கொட்டையைப் பற்றியும் கேட்டேன்.

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை கொட்டை போட்டாலும் பலகையில் எப்போதும் குறைகிறதாம். எலி தூக்கிப்போகிறது என்று எலிப்பொறிகூட வைத்தாராம்.

அடுத்த வாரம் வேறு ஊரில், குழல் விட்டுப் பார்க்கிற டாக்டர் ஒருவர் அதை வெளியே எடுத்தார். வெட்டவில்லை. வாயில் ஒளித்தபோது மூச்சுக்குழலுக்குள் போய், ஊறிக் கறுத்துப்போன அரைப் புளியங்கொட்டை. கொட்டையின் நிழல் எக்ஸ்ரேயில் விழாது. எண்ணெய் அதன்மேல் மோதி நின்றதால்தான் அது இருப்பதே தெரிந்தது.

எங்கள் அறையின் வழக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மயக்கம் கொடுப்பதற்கு முந்தின நாள், பெரியவரோ சிறியவரோ, டாக்டர் போய் முதலில் ஒரே கேள்வி கேட்பார்: “உங்க அம்மா எந்த பாஷையில திட்டுவாங்க?” வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டால் ஆளுக்கேற்றபடி மரியாதையாக ஏதாவது சொல்வார்கள். திட்டு என்றால் உண்மை வந்துவிடும். கையை அமுக்கு என்று சொல்ல நான் சீனர்களின் ஹொக்கியன் கற்றேன், தெலுங்கு கற்றேன். கடலோரத்துப் போர்த்துகீசிய மீனவர் வீட்டுப் பையன் வந்தபோது அவன் பாட்டியிடமிருந்து அதையும் கற்றேன். அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். “எல்லா பாஷையிலயும் கையைப் பிடிக்கச் சொல்றா” என்று அவன் அதற்கும் ஒரு கதை கட்டிவிட்டான்.

இப்போது இந்த அனுபவத்தை எழுதும்போது எனக்கு அந்த நீல மருந்தின் வாசனையைவிட வேறொன்று முதலில் நினைவு வருகிறது.

அவள் ஊர் திரும்பிச் சில நாள் கழித்து, எங்களிடம் காட்ட அழைத்து வந்தார்கள். கொலுசும் தாயத்தும் பழையபடி ஏறியிருந்தன. கன்னம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அந்த வாரம் முழுக்க நான் வேலைக்குத் தாமதமாகப் போய் மேட்ரனிடம் திட்டு வாங்கியிருந்தேன். விடியற்காலை இருமல் கேட்கவில்லை, யார் எழுப்புவார்கள்?

டாக்டர் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். என்னிடம் கற்ற மலாயை ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தார் போலும். பரீட்சைக்குப் போகும் பெண் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடெ... பெகாங்... தாங்ஙான்...” என்று தொடங்கினார்.

அவள் டாக்டரை உற்றுப் பார்த்தாள். முகத்தைப் பார்த்து அல்ல, குரலைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டாள் என்று தோன்றியது. சட்டென்று தன் கையை நீட்டினாள். அந்த இருட்டில் கேட்ட அதே தேன் குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு, ஓர் எழுத்து பிசகாமல் தமிழில் சொன்னாள்.

“கண்ணு, என் கையை அமுக்கு பார்க்கலாம்.”

டாக்டரின் வாய் திறந்தபடி நின்றது. கிராம்பு கீழே விழுந்தது.

என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டது மட்டும் அப்படியே உள்ளே தங்கியிருந்தது. நீட்டிய கை காத்திருந்தது. டாக்டர் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கி அமுக்கினார்.

“குவாட்-குவாட்” என்றாள் அவள், அது போதாதென்று.